கராத்தேவோடு சேர்த்துச் செய்ய, முழங்காலைப் படுத்தாத கார்டியோ (இதயத்துக்கும் மூச்சுக்குமான பயிற்சி) எது?

தெப்பக்குளத்துக்காரன்:

வணக்கம். ஊர் மதுரை, வயது 37, எடை 84 கிலோ, நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கிற வேலை. கல்லூரி நாட்களில் ஷோட்டோகான் கராத்தே பிரவுன் பெல்ட் வரைக்கும் போய் நின்றுபோனது. இப்போது மறுபடியும் சேர்ந்திருக்கிறேன். திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் வகுப்பு. சிமெண்ட் தரை, அதன்மேல் மெல்லிய பாய்தான். கட்டா (அசைவுகளை வரிசையாகத் தனியே செய்வது), அடிப்படைப் பயிற்சி எல்லாம் சமாளித்துவிடுகிறேன். ஸ்பாரிங் (எதிராளியோடு மோதிப் பழகுவது) என்று வந்தால் முதல் நிமிடம் தாண்டியதும் மூச்சு வாங்க ஆரம்பித்து, கை தானாகக் கீழே இறங்கிவிடுகிறது, அதற்கப்புறம் எதிரில் நிற்பவரின் அடி வருவது கண்ணுக்குத் தெரிந்தும் கால் நகர்வதில்லை.

மாஸ்டர் "காலையில் ஓடு, எல்லாம் சரியாகிவிடும்" என்றார். தெப்பக்குளத்தைச் சுற்றித் தார் ரோட்டில் ஓட ஆரம்பித்தேன். சில வாரங்களில் கெண்டைக்காலுக்கு முன்பக்கம் இருக்கிற நீள எலும்பின் உள்ஓரம் முழுக்க வலி. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், சூடானதும் குறையும், மறுநாள் காலையில் மறுபடி வரும். கூடவே படி இறங்கும்போது முழங்கால் சில்லுக்குப் பின்னால் ஒரு குத்தல். டாக்டரிடம் காட்டினேன், எக்ஸ்ரே எடுத்தார், எலும்பில் ஒன்றும் இல்லை, ஓட்டத்தைக் குறையுங்கள் என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார். ஓட்டத்தைக் குறைத்தால் அதற்குப் பதில் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

வசதி என்று பார்த்தால், வீட்டில் ஒரு சாதாரண கியர் சைக்கிள் சும்மா நிற்கிறது. பக்கத்து ஜிம்மில் டிரெட்மில்லும் எலிப்டிக்கலும் (நின்றபடியே, காலைத் தூக்காமல் மிதிக்கிற மெஷின்) உண்டு. ரேஸ் கோர்ஸ் ஸ்டேடியத்தில் நீச்சல் குளம் இருக்கிறது. கிராமத்துக் கிணற்றில் நீந்திப் பழகியவன்தான், ஆனால் முறையாகக் கற்றதில்லை. வருடக் கடைசியில் பிளாக் பெல்ட் தேர்வு. கராத்தேவுக்கு உண்மையிலேயே உதவுகிற, காலை அடித்துத் துவைக்காத கார்டியோ எது, வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு வேகத்தில்? சைக்கிள் ஓட்டினால் உதையின் வேகம் குறைந்துவிடும் என்று வகுப்பில் ஒருவர் சொன்னார், அது உண்மையா?

தசைநார்:

சார், நான் பிசியோதெரபிஸ்ட், சின்ன வயதிலிருந்து ஜூடோவும் பழகுகிறேன், அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை, அப்புறம் மற்றது. எலும்பின் ஓரமாக நீளமாகப் பரவிய வலி, சூடானதும் குறைவது என்றால் அது பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட்ஸ்தான் (அதிகச் சுமையால் எலும்போரத்தில் வருகிற வலி). ஆனால் விரல் நுனியால் தொட்டுக் காட்டுகிற மாதிரி ஒரே புள்ளியில் வலித்தாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, நடந்தாலே வலி கூடினாலோ எலும்பில் நுண்விரிசல் விழுந்திருக்க வாய்ப்புண்டு. அது ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். அப்படி ஏதாவது இருந்தால் கார்டியோ பேச்சை விட்டுவிட்டு எலும்பு மருத்துவரை மறுபடி பாருங்கள், எம்ஆர்ஐ தேவைப்படலாம்.

அது இல்லை என்று வைத்துக்கொண்டு பேசுவோம். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை தரையிலிருந்து திரும்பி வருகிறது. 84 கிலோ ஆளுக்கு அது என்ன கணக்கு என்று நீங்களே போட்டுக்கொள்ளலாம். நடக்கும்போது எடையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஓட்டம் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. உங்களுக்கு வாரம் மூன்று நாள் சிமெண்ட் தரையில் குதித்து, முன்காலை ஊன்றி, திடீரென நின்று திரும்புகிற வேலை ஏற்கெனவே நடக்கிறது. எலும்புக்கு அந்த அடி தேவைதான், அடி படப்பட அது உறுதியாகும், ஆனால் இடையில் சரிசெய்துகொள்ள நாள் வேண்டும். கராத்தே இல்லாத நாளிலும் தார் ரோட்டில் ஓடினால் அந்த நாள் கிடைக்கவே கிடைக்காது. வெறும் சைக்கிளும் நீச்சலும் செய்பவர்களிடம் "எலும்புக்கும் ஏதாவது வேலை கொடுங்கள்" என்று சொல்வேன். உங்களிடம் அதைச் சொல்லத் தேவையே இல்லை, கராத்தே அதைக் கொடுத்துவிடுகிறது. அதனால் கூடுதல் கார்டியோவில் தரையடி பூஜ்யமாக இருந்தால் நல்லது.

என் ஓட்டு சைக்கிளுக்கு. வீட்டிலேயே இருக்கிறது, செலவில்லை, வேகத்தை நினைத்தபடி கூட்டிக் குறைக்கலாம். உங்கள் பிரச்சினை ஸ்பாரிங்கில் இரண்டு பாய்ச்சலுக்கு நடுவில் மூச்சு திரும்பி வராததுதான். பாய்ந்து அடிக்கிற அந்த சில நொடிகளுக்குத் தசைக்குள் சேமித்து வைத்திருக்கிற சக்தி போதும், காற்று தேவையில்லை. ஆனால் அந்தச் சேமிப்பை அடுத்த பாய்ச்சலுக்குள் நிரப்பித் தருவது ஆக்சிஜனை வைத்து நடக்கிற ஏரோபிக் அமைப்புதான். சீனியர் குமிதே (போட்டி ஸ்பாரிங்) ஆட்டம் ஒன்று மூன்று நிமிடம், நடுவர் நிறுத்துகிற நேரத்தையும் சேர்த்தால் அதற்கும் மேல். அடித்தளம் பலவீனமாக இருந்தால் முதல் நிமிடத்திலேயே கடன் ஏறிவிடும். அந்த அடித்தளத்துக்கு வேண்டியது மெதுவான, நீண்ட, சலிப்பூட்டுகிற வேலை. 35 முதல் 50 நிமிடம், முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். வாட்ச் கட்டுபவராக இருந்தால் 220 கழித்தல் வயது என்கிற பழைய கணக்கில் உங்கள் உச்ச இதயத் துடிப்பு 183, அதில் 60 முதல் 70 சதவீதம் என்றால் சுமார் 110 முதல் 128. அந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மாறும், அதனால் பேச்சையே நம்புங்கள்.

சீட் உயரம் முக்கியம். நம் ஊரில் பாதிப் பேர் கால் தரையில் முழுசாகப் படட்டும் என்று சீட்டைத் தாழ்வாக வைத்து ஓட்டுகிறார்கள், அப்படி ஓட்டினால் முழங்கால் சில்லுக்குப் பின்னால் இருக்கிற அந்தக் குத்தல் இன்னும் கூடும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீளவேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்காலில் லேசான மடிப்பு, 25 முதல் 35 டிகிரி வரை, தானாக வந்துவிடும். பெரிய கியரில் முக்கி முக்கி மிதிக்க வேண்டாம், லேசான கியரில் நிமிடத்துக்கு 80, 90 சுற்று.

கோவை டோபோக்:

அண்ணா, நான் டேக்வாண்டோ. எங்களுக்கு ஆட்டமே இரண்டு இரண்டு நிமிடமாக மூன்று சுற்று, கிட்டத்தட்ட முழுக்கக் காலால்தான், அதனால் இந்த முழங்கால் கதை எங்கள் கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். மேலே சொன்னதை நான் மறுக்கவில்லை, ஆனால் "சைக்கிள் ஓட்டினால் உதை போய்விடும்" என்று உங்கள் வகுப்பில் சொன்னதிலும் பாதி நியாயம் இருக்கிறது. சைக்கிளில் இடுப்பு முழு நேரமும் மடங்கியே இருக்கும், தொடை ஒருமுறைகூடப் பின்பக்கம் போகாது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, காலையில் சைக்கிளிலும் உட்கார்ந்தால் இடுப்பின் முன்பக்கத் தசை இறுகிப்போய், மாவாஷி கெரி (சுழற்றி அடிக்கிற உதை) அடிக்கும்போது இடுப்பு திறக்காது, முதுகை வளைத்து உயரம் எடுக்கப் பார்ப்பீர்கள். அதனால் இறங்கியவுடன் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, பிட்டத்தை இறுக்கி, இடுப்பை முன்னால் தள்ளி ஒவ்வொரு பக்கமும் ஒரு நிமிடம் பிடியுங்கள். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் வீசுங்கள். இதைச் செய்தால் சைக்கிள் உதையைக் கெடுக்காது, எங்கள் கிளப்பில் போட்டிக்குப் போகிற பெண்கள் எல்லோரும் சைக்கிளும் மிதிக்கிறார்கள்.

வாரம் ஒரு நாளாவது குளத்துக்குப் போங்கள் என்பது என் வேண்டுகோள். வகுப்புக்கு மறுநாள் தண்ணீரில் கிடைக்கிற ஆறுதல் வேறு எதிலும் கிடைக்காது, வீங்கின கால் இலேசாகிவிடும். கராத்தேக்காரர்களுக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. ஃப்ரீஸ்டைலில் மூச்சை நம் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது, தண்ணீருக்குள் நீளமாக விட்டு, சடாரென எடுக்க வேண்டும். அடி வாங்கும் பதற்றத்திலும் மூச்சை அடக்கிக்கொள்ளாமல் விடுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. ஆனால் கவனம், பிரெஸ்ட் ஸ்ட்ரோக் வேண்டாம். தவளை மாதிரி காலை விரித்துச் சுழற்றி மூடும்போது முழங்காலின் உட்பக்கத் தசைநார் இழுபடும், அந்த நீச்சலை அதிகமாகச் செய்பவர்களுக்கே அந்த இடத்தில் வலி வருவது தெரிந்த விஷயம். கிணற்றில் பழகியவர்கள் பெரும்பாலும் தலையைத் தூக்கிக்கொண்டு அந்த மாதிரிதான் நீந்துவார்கள், அதனால்தான் சொல்கிறேன். குளத்தில் கோச் இருந்தால் கொஞ்ச நாள் ஃப்ரீஸ்டைல் மூச்சு மட்டுமாவது கற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நான்கு சுற்றிலேயே களைத்து, இது கார்டியோ ஆகவே ஆகாது.

தண்ணீரில் அதே உழைப்புக்கு இதயத் துடிப்பு தரையில் இருப்பதைவிடச் சுமார் பத்து குறைவாகக் காட்டும், அதைப் பார்த்து "போதவில்லை" என்று வேகத்தை ஏற்றாதீர்கள்.

கம்பும் காலடியும்:

அண்ணாச்சி, எல்லாரும் சைக்கிள், குளம், மெஷின் என்றே சொல்கிறார்கள். நான் தாமிரபரணிப் பக்கம், சிலம்பம். எங்கள் வாத்தியார் யாரையும் ரோட்டில் ஓடவிட்டதில்லை. ஒரு கம்பை எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு மண் தரையில், சீராக, நிறுத்தாமல் சுற்றச் சொல்வார். முதலில் நின்ற இடத்தில், அப்புறம் காலடி வைத்து முன்னும் பின்னும். பாய்ச்சல் கிடையாது, குதி கிடையாது, பாதம் தரையைத் தடவியே போகவேண்டும். பத்து நிமிடம் கம்பு நிற்காமல் சுற்றிப் பாருங்கள், தோள், முன்கை, முதுகு, மூச்சு நான்கும் ஒன்றாக வேலை செய்யும். கராத்தேக்காரருக்குத் தோள் சோர்ந்து கை இறங்குகிறது என்றால் சைக்கிள் அதற்கு என்ன செய்யும்? காலுக்குத்தான் வேலை, கை ஹேண்டில்பாரில் சும்மா இருக்கிறது. உங்கள் குறையே கை இறங்குவதுதானே.

கம்பு இல்லையென்றால் உங்கள் கட்டாவையே எடுங்கள். பாதி வேகம், பாதி பலம், ஒன்று முடிந்ததும் நிற்காமல் அடுத்தது, இருபது நிமிடம். நிலையைத் தாழ்த்த வேண்டாம், மூச்சு ஓடுகிற அளவுக்குப் போதும். மண் தரை கிடைத்தால் மண்ணில் செய்யுங்கள். ஒரு பைசா செலவில்லை, அதே நேரத்தில் தேர்வுக்கும் படித்த மாதிரி ஆகிறது.

தசைநார்:

கம்புக்காரர் சொன்னதில் கை பற்றிய விஷயம் மிகச் சரி, நான் அதை விட்டுவிட்டேன் என்பதைவிட, நீங்கள் நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். எந்தத் தசைக்கு வேலை கொடுக்கிறோமோ அந்தத் தசையில்தான் நுண்குழாய்கள் பெருகும், இதயத்துக்கு வருகிற லாபம் மட்டும்தான் பொது. அதனால் மிதமான வேகத்தில் கம்போ கட்டாவோ வாரம் ஒரு நாள் வைப்பது நல்லது. ஒரே ஒரு நிபந்தனை, கால் வலி தீரும் வரைக்கும் வெறுங்கால் பயிற்சியை மெதுவாகக் கூட்டவேண்டும். செருப்பும் ஷூவும் போட்டுப் பழகின கெண்டைக்கால், திடீரென வெறுங்காலில் முன்பாதத்தில் நின்றால் அதிகமாக இழுபடும், அந்த இழுப்பு போய் விழுகிற இடம் இப்போது வலிக்கிற அதே எலும்போரம்தான். சிறுவயதிலிருந்தே மண்ணில் நிற்கிற உங்களுக்கு அது தெரியாது, அவருக்குத் தெரியும்.

சிங்கை ஜியு ஜிட்சு:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன், பிரேசிலியன் ஜியு ஜிட்சு. எங்களுக்குக் குதி குறைவு, பிடி அதிகம், அதனால் என் தேர்வு அப்படியே உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் இங்கே யாரும் ரோயிங் மெஷினைப் பற்றிப் பேசவில்லை, அதனால் சொல்கிறேன். உங்கள் ஜிம்மில் இல்லை என்றாலும், இதைப் படிக்கிற வேறு யாருக்காவது உதவும். காலில் தரையடி சுத்தமாகக் கிடையாது, கால், முதுகு, கை மூன்றும் ஒரே இழுப்பில் வேலை செய்யும். பக்கத்தில் எதிர்ப்பைக் கூட்டிக் குறைக்கிற அந்த லீவரைப் பத்தில் வைத்து இழுக்கிறவர்களைப் பார்க்கிறேன், அது கனமான படகை இழுக்கிற உணர்வு, இடுப்பு முதுகுதான் போகும். மூன்றிலிருந்து ஐந்து போதும். முதலில் கால் தள்ளு, அப்புறம் உடம்பு சாய், கடைசியில் கை இழு, திரும்பும்போது கை, உடம்பு, கால். பாதி பேர் கையால் ஆரம்பித்து முதுகைக் கூன் போட்டு இழுக்கிறார்கள். நிமிடத்துக்கு இருபது இழுப்பு சுற்றி வைத்து அரைமணி நேரம் இழுத்தாலே போதும். ஆனால் எங்கள் ஆட்கள், பிடி நிறைய இருந்த நாளுக்கு மறுநாள் இதைச் செய்தால் முன்கை செத்துவிடும். கராத்தேவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. முழங்காலை முழுசாக மடக்க வலித்தால் முன்னால் வருகிற தூரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது விஷயம் தபாட்டா, அதாவது விட்டுவிட்டுச் செய்கிற கடுமையான பயிற்சி. யூடியூபில் தபாட்டா என்று போட்டுக் குதிக்கிறார்கள், பர்ப்பி, ஜம்ப் ஸ்குவாட், எல்லாம். 1996இல் வெளியான அந்த ஜப்பானிய ஆய்வு நடந்ததே உடற்பயிற்சி சைக்கிளில், ஒரு குதியும் கிடையாது. 20 நொடி உச்சம், 10 நொடி ஓய்வு, ஏழெட்டு முறை, அதற்குமேல் மிதிக்க முடியாத அளவுக்கு. அந்த முறை ஜப்பானிய ஸ்பீட் ஸ்கேட்டிங் பயிற்சியாளர் ஒருவருடையது. ஆகவே கடுமையான இடைவெளிப் பயிற்சி வேண்டும், முழங்காலும் வேண்டும் என்றால் சைக்கிளே போதும். கையும் சேர்ந்து தள்ளுகிற விசிறி சைக்கிள் கிடைத்தால் இன்னும் நல்லது, கம்புக்காரர் சொன்ன தோள் பிரச்சினைக்கும் அது பதில். எவ்வளவு வேகமாக மிதிக்கிறோமோ அவ்வளவு எதிர்ப்பு கூடும், நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும், கீழே விழவோ அடிபடவோ வழியில்லை. ஆனால் இந்தக் கடுமையான இடைவெளிப் பயிற்சியை உடனே ஆரம்பிக்காதீர்கள். அடித்தளம் இல்லாமல் உச்சத்தை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் மூன்று வாரத்தில் கொஞ்சம் ஏறி, அப்புறம் அங்கேயே நிற்கும், உடம்பும் அசந்துபோகும்.

தெப்பக்குளத்துக்காரன்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை. வலி எலும்போரமாகப் பரவித்தான் இருக்கிறது, ராத்திரி வலி இல்லை, ஒரே புள்ளியில் தொட்டுக் காட்டவும் முடியவில்லை.

இன்னும் சில சந்தேகம். மழை நாளில் ஜிம்முக்குப் போனால் எலிப்டிக்கலா, டிரெட்மில்லில் ஏற்றம் வைத்து நடப்பதா? ஸ்கிப்பிங் இதில் எங்கே வரும், பாக்ஸர்கள் எல்லாம் அதைத்தானே செய்கிறார்கள்? வாரம் மூன்று வகுப்புக்கு நடுவில் இதை எப்படிப் பொருத்துவது? கார்டியோ அதிகமானால் காலின் பலம் குறையும் என்று படித்தேன், அதுவும் பயமாக இருக்கிறது. கடைசியாக, மாஸ்டரிடம் எப்படிச் சொல்வது. அவர் நாற்பது வருடமாக ஓடுகிறவர், நான் ஓடவில்லை என்றால் சாக்கு சொல்கிறேன் என்று நினைப்பார். அவர் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு, அதனால்தான் கேட்கிறேன்.

தசைநார்:

எலிப்டிக்கல், ஏற்ற நடை இரண்டும் நல்லவைதான். எது சலிப்பில்லாமல் செய்ய முடியுமோ அது. ஏற்ற நடைக்கு ஒரு தனி நன்மை, டிரெட்மில்லில் ஏற்றம் மட்டும்தான் இருக்கும், இறக்கம் கிடையாது. முழங்கால் சில்லுக்குப் பின்னால் வலிப்பவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் பகை. அழகர்கோயில் மலைமேல் நடக்கலாமா, திருப்பரங்குன்றம் ஏறலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, ஏறுவது சரி, இறங்குவதற்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள் என்றுதான். பழனியில் இழுவை ரயிலிலோ ரோப் காரிலோ இறங்கலாம், எல்லா இடத்திலும் அப்படி வசதி இருக்காது. டிரெட்மில்லில் 8 சதவீத ஏற்றம், மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஆரம்பியுங்கள், கைப்பிடியைப் பிடித்துத் தொங்காதீர்கள், பிடித்தால் பாதி உழைப்பு போய்விடும். கெண்டைக்கால் இறுகினால் ஏற்றத்தைக் குறைத்து எலிப்டிக்கலுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

ஸ்கிப்பிங் இப்போதைக்கு வேண்டாம். சரியாகச் செய்தால் குதி ஓர் அங்குலம்தான், முழங்காலுக்குப் பெரிய அடி இல்லை, கராத்தேவுக்குத் தேவையான லேசான முன்பாத நடையும் அதில் வரும், எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி அது. ஆனால் அதன் சுமை முழுவதும் கெண்டைக்காலிலும் எலும்போரத்திலும்தான் போய் உட்காரும். வகுப்புக்கு மறுநாள் காலை எழுந்து எலும்பை அழுத்திப் பார்த்தால் வலி இல்லை, இது தொடர்ந்து மூன்று வாரம் நீடிக்கிறது என்றால் அப்போது மரத்தரையிலோ ரப்பர் பாயிலோ முப்பது நொடி, முப்பது நொடியாக ஆரம்பிக்கலாம்.

பலம் குறைவது பற்றிய பயம் 1980இல் ஹிக்சன் என்பவர் செய்த ஆய்விலிருந்து வருகிறது. அதில் கலந்துகொண்டவர்கள் வாரம் ஐந்து நாள் கால் பலத்துக்கும், அதோடு சேர்த்து ஆறு நாள் கடுமையான ஓட்டம், சைக்கிள் என்றும் பத்து வாரம் உழைத்தார்கள். கடைசி வாரங்களில் பலம் ஏறுவது நின்று இறங்க ஆரம்பித்தது. அவ்வளவு சுமையை நீங்கள் நெருங்கவே போவதில்லை. வாரம் இரண்டு மூன்று லேசான சைக்கிள் நாட்கள் உங்கள் உதையை எதுவும் செய்யாது.

வாரத்துக்கு என்றால், வகுப்பு இருக்கிற நாட்களில் கூடுதலாக எதுவும் வேண்டாம், உடம்பு புதிதாக மாலையில் வரட்டும். செவ்வாய் காலை சைக்கிள் 40 நிமிடம், பேசும் வேகம். வியாழன் குளம், அல்லது மழையானால் ஜிம். சனிக்கிழமை நீளமான சைக்கிள், ஒரு மணி நேரம் வரை, ஊருக்கு வெளியே காலை ஆறு மணிக்குள் கிளம்பினால் வெயிலும் லாரியும் இல்லை. ஞாயிறு ஓய்வு, விருப்பமிருந்தால் மாலையில் கம்புக்காரர் சொன்ன மெதுவான கட்டா இருபது நிமிடம். முதல் ஆறு வாரம் இவ்வளவுதான், வேகம் காட்டவே கூடாது. அதற்கப்புறம் செவ்வாய்க்கிழமையை மட்டும் மாற்றுங்கள். பத்து நிமிடம் சூடேற்றி, 30 நொடி வேகமாக, 90 நொடி மெதுவாக, ஆறு முறை. பிறகு எட்டு முறை. தேர்வுக்கு ஒரு மாதம் முன்னால் மூன்று நிமிடம் கடினமாக, இரண்டு நிமிடம் மெதுவாக, நான்கு முறை என்று மாற்றினால் குமிதே நேரத்துக்கு நெருக்கமாக வரும். தேர்வு வாரத்தில் எல்லாவற்றையும் பாதியாக்கிவிடுங்கள்.

கூடவே கெண்டைக்காலுக்குப் பலம் சேர்க்க வேண்டும், அது கார்டியோ இல்லை, ஆனால் அதை விட்டுவிட்டால் வலி திரும்பி வரும். படி ஓரத்தில் நின்று குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குவது, முழங்கால் நேராக ஒருமுறை, லேசாக மடக்கி ஒருமுறை, ஒருநாள் விட்டு ஒருநாள், வகுப்பு இல்லாத நாட்களில்.

பழைய வெள்ளை உடை:

தம்பி, எனக்கு அறுபதை நெருங்குகிறது, இன்னும் டோஜோவில் (பயிற்சிக் கூடத்தில்) நிற்கிறேன். மாஸ்டர் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றதெல்லாம் நன்றாகவே சொல்லிவிட்டார்கள்.

வகுப்பு நடுவில், எல்லோர் முன்னாலும் சொல்லாதே. வகுப்பு முடிந்து பாய் சுருட்டுகிற நேரத்தில் தனியாகப் போய், டாக்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "சென்செய், காலில் இந்த மாதிரி இருக்கிறது, ஓட்டத்துக்குப் பதிலாகக் காலையில் சைக்கிள் இத்தனை நாள், நீச்சல் இத்தனை நாள் செய்யப்போகிறேன், சரியா இருக்குமா?" என்று கேள். அனுமதி கேட்கிற மாதிரி கேட்டால் அவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும், அவருக்கும் இத்தனை வருடத்தில் கால் வலித்திருக்கும், கேட்டால் சொல்வார். நாற்பது வருடம் ஓடினவர் உன் வயதில், உன் எடையில், சிமெண்ட் தரையில் மறுபடி ஆரம்பித்தவர் இல்லை. இளவயதிலிருந்து விடாமல் ஓடின எலும்பும், நடுவில் நிறுத்தி நாற்காலியில் உட்கார்ந்த எலும்பும் ஒன்றா? அவர் உடம்புக்கு அது சரி, உன் உடம்புக்கு இப்போதைக்கு இது சரி.

இன்னொன்று. ஸ்பாரிங்கில் மூச்சு வாங்குவதில் பாதி ஸ்டாமினா, மீதிப் பாதி இறுக்கம். தோளைத் தூக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அடிக்காத நேரத்திலும் அடிக்கிற மாதிரி நின்றால் எந்தச் சைக்கிளும் உன்னைக் காப்பாற்றாது. உன்னைவிடச் சீனியர் ஒருவரிடம் கேட்டு, பாதி வேகத்தில் ஐந்து நிமிடம், புள்ளி எண்ணாமல், மூச்சை மூக்கால் விட்டுக்கொண்டே ஸ்பாரிங் செய்து பழகு. சனி, ஞாயிறு ஏதாவது ஒரு நாள் போதும். தூக்கமும் பார்த்துக்கொள், தூங்காத ஆளுக்கு இந்தக் கால்வலி ஆறவே ஆறாது.

கோவை டோபோக்:

பெரியவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நீந்தி முடித்து வந்தால் பசி பயங்கரமாக இருக்கும், நேராக டிபன் கடைக்குப் போய் பூரியும் வடையும் சாப்பிட்டால் எடை குறையாது. 84 கிலோவில் நான்கைந்து குறைந்தாலே ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு அது தெரியும். குளத்திலிருந்து வந்ததும் முட்டையோ சுண்டலோ முதலில், இட்லி அப்புறம். தண்ணீரில் இருந்தாலும் வியர்க்கத்தான் செய்யும், அதனால் பாட்டில் எடுத்துப் போங்கள், மதுரை வெயிலுக்கு இது ரொம்ப முக்கியம்.

தெப்பக்குளத்துக்காரன்:

மாஸ்டரிடம் பெரியவர் சொன்னபடியே பேசினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எனக்கும் இடது முழங்கால் போயிருக்கிறது, சைக்கிள் ஓட்டு, ஆனால் கட்டாவை விடாதே" என்றார். ஞாயிறு மெதுவான கட்டாவுக்கு டோஜோ சாவியைத் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆரம்பிக்கிறேன். குளத்தில் காலை நேரத்துக்கு இடம் இருக்கிறதா என்று நாளைக்கு ரேஸ் கோர்ஸ் போய்க் கேட்கவேண்டும்.

சைக்கிள் கடையில் சீட்டை ஏற்றச் சொன்னேன், நீங்கள் சொன்ன குதிகால் கணக்குப்படி. ஒரு சின்ன சுற்று ஓட்டிப் பார்த்தேன், முழங்கால் முன்பக்கக் குத்தல் இல்லை, ஆனால் முழங்காலுக்குப் பின்னால், மடிப்பில் லேசாக இழுக்கிறது. இது பழகிவிடுமா, ஏதாவது மாற்றவேண்டுமா?

தசைநார்:

முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, பின்பக்கம் இழுத்தால் சீட் உயரம் என்பது பொதுவான கணக்கு. யாரையாவது பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள், மிதிக்கும்போது இடுப்பு இடமும் வலமும் ஆடினால் உயரம் அதிகம்தான். குதிகாலை வைத்துப் பார்க்கும்போது ஓட்டுகிற அதே ஷூவைப் போட்டுப் பார்த்தீர்களா என்பதும் முக்கியம், கடையில் செருப்போடு அளந்திருந்தால் மாறிவிடும். அரை சென்டிமீட்டர் இறக்கி ஒரு நாள் ஓட்டுங்கள், போதவில்லை என்றால் இன்னொரு அரை. ஒரேயடியாக இறக்கினால் பழைய குத்தல் திரும்பிவிடும். சீட் கம்பியில் இப்போதைய அளவை ஒரு மார்க்கர் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை யாராவது சைக்கிளை எடுத்து ஏற்றி இறக்கினாலும் குழப்பம் வராது.